கதவு நிலையில் இடித்த தோள்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

நம் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். ‘முழுமையான கண் பரிசோதனையில் என்ன எதிர்பார்க்கலாம்?’ என்று தலைப்பு. எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்கள், கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள், ஒரு கருவி கண்ணில் புஸ்ஸென்று காற்றடிக்கும், சொட்டு மருந்து ஊற்றி உட்கார வைப்பார்கள், கடைசியில் டாக்டர் கண்ணுக்கு உள்ளே பார்ப்பார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அந்தத் தலைப்பில் உங்களிடம் அரை மணி நேரம் பேசவேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். பேச மேடை ஏறினால் சிரிப்புக் காட்டிவிட்டு, சொல்லவேண்டியதைச் சொல்லாமலே இறங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்த ஆஸ்பத்திரி இரண்டு அறையாக இருந்த காலத்திலிருந்து பார்வை சோதிக்கும் வேலை பார்த்தேன். முப்பத்திநான்கு வருடம். அடுத்தவர் கண்ணைச் சோதித்தவனே தவிர, என் கண் அப்படியொன்றும் பெருமைப்படும் கண் அல்ல. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரே இருப்பது ஆளா நாற்காலியா என்று தெரியாது. ஒருநாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “தாடையை இதுல வைங்கம்மா, அசையாதீங்க” என்று ஒரு காலி நாற்காலியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். “நாற்காலி நல்லா ஒத்துழைச்சுதுவே” என்று டாக்டர் அதையே பல வருடம் சொல்லிக்காட்டினார். இனி டாக்டர் என்று நான் எழுதுவதெல்லாம் அவரைத்தான். அதிகம் பேசமாட்டார், பேசினால் அந்த அளவில்தான் இருக்கும்.

முதலில் ஒரு சிரிப்புக் கதை. அதைச் சொல்லாமல் மற்றதற்குப் போகமுடியாது.

வத்திராயிருப்பிலிருந்து தேங்காய் லாரி ஓட்டும் ஒருவர் வந்தார். லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சான்று வேண்டும். வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தே இருக்கும். உள்ளே படிப்பவர்களின் குரல் வெளியே கேட்கும். அவர் முறை வந்தது. உள்ளே வந்து உட்கார்ந்ததும் கணீரென்று, “ப, ட, ம, ய…” என்று கடைசி வரி வரை போய்விட்டார்.

“அண்ணாச்சி, இன்னும் போர்டுக்கு லைட்டே போடலியே” என்றேன்.

ஒரு நொடி யோசித்தார். “அப்படியா? எனக்கு வெளிச்சமாத்தான தெரியுது!”

இரண்டு கண்ணிலும் முற்றிய புரை. அறுவைச் சிகிச்சை முடிந்து பத்து நாள் கழித்து வந்தவர், என் முகத்தை உற்றுப் பார்த்தார். “குரல வச்சு உங்கள நான் வேற மாதிரில்ல நெனச்சிருந்தேன்” என்றார். பார்வை நன்றாகத் திரும்பிவிட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தக் கதையை நான் டீக்கடையில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் என்று சொல்லாத இடமில்லை. சொல்லச் சொல்ல எனக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது. எழுத்துப் பலகையை வைத்து இனி என்னை எவரும் ஏமாற்றமுடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

முத்துலட்சுமி என்னை ஏமாற்றவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் ஒழுங்காகப் பார்த்துத்தான் படித்தாள்.

அவளுக்கு ஊர் சுந்தரபாண்டியம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் ரிங் ஃப்ரேமில், அதாவது நூல் நூற்கும் இயந்திரத்தில், நூல் அறுந்தால் கண் இமைப்பதற்குள் ஒட்டிவிடவேண்டும். முதல்முறை வந்தபோது நாற்பத்திரண்டு வயது. மில் சீருடைச் சேலை, காதோரம் முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அறைக்குள் வரும்போதே இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டாள்.

“பாத்தும்மா, அந்த நிலைக்கு வயசாயிருச்சு. நீ இடிச்சா அது தாங்காது” என்றேன்.

சிரித்துவிட்டாள். “எல்லா நிலைக்கும் எனக்கும் ஆகாதுண்ணே. மில்லுல தூணு கூட என்னியப் பாத்தா குறுக்க வந்து நிக்கி.”

“அப்ப அதுகளுக்குத்தான் கண்ணு டெஸ்ட் பண்ணணும்” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

இந்தப் பேச்சை ஒருமுறை திரும்பப் படியுங்கள். அவள் தன் நோயை எனக்குச் சொல்லி முடித்துவிட்டாள். தமிழில், தெளிவாக, நான் கேட்காமலே சொன்னாள். பதிலுக்கு நான் ஒரு கேலி சொன்னேன்.

கிட்டத்தில் மசங்குகிறது, ஊசியில் நூல் கோக்கமுடியவில்லை என்றுதான் வந்திருந்தாள். அது நாற்பதில் எல்லோருக்கும் வருவது. தூரத்தில் வைத்த பலகையைக் கடைசி வரி வரை படித்தாள். “இனி அச்சடிச்சவன் பேருதான் பாக்கி” என்றேன். பலகையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்துவிட்டாள். எனக்கு அது கண்ணாடி போட்டாலும் தெரியாது. காற்றடிக்கும் கருவியில் கண்ணின் அழுத்தத்தைப் பார்த்தபோது கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. “காத்து வரப்போகுது, கொண்டையப் பிடிச்சுக்க” என்று நான் சொன்னதில் அவள் சிரித்துக் கண்ணை இறுக்கிக்கொண்டிருந்தாள். சிரித்ததால் ஏறியிருக்கும் என்று நானே தீர்மானித்தேன்.

அடுத்தது சொட்டு மருந்து. நாற்பது தாண்டிய யாருக்கும் சொட்டு ஊற்றிக் கண்மணியை விரித்து, உள்ளே நரம்பைப் பார்க்காமல் அனுப்பக்கூடாது என்பது டாக்டர் சொன்ன முறை. ஆனால் நம் ஊர் ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எழுத்துப் பலகையைப் பார்ப்பதைவிடச் சுவர்க் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள். எல்லோருக்கும் ஒரு பஸ் இருக்கும். சொட்டு ஊற்றினால் முக்கால் மணி நேரம் உட்காரவேண்டும்; அதன் பிறகும் மூன்று நான்கு மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெளியாது.

“இன்னிக்கு வேண்டாம்ணே. ரெண்டரைக்கு மில்லு பஸ்ஸு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரும். கண்ணு மசங்கிட்டுப் போனா எப்படி நூலு ஒட்ட? அடுத்தவாட்டி கண்டிப்பா வாரேன்.”

அன்று டாக்டர் அறுவைச் சிகிச்சை செய்யும் நாள். அந்த நாள்களில், கண்ணாடி மட்டும் வேண்டியவர்களை நானே பார்த்து அனுப்பலாம். யாரை அப்படி அனுப்புவது என்பது என் முடிவு. அவள் அட்டையில், ‘சொட்டு மருந்து: அடுத்த வருகையில்’ என்று எழுதினேன். நல்ல மனுஷன் என்று அவள் நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்துக் கண்ணாடியின் ஃப்ரேம் உடைந்து வந்தாள். எங்கோ இடித்துக்கொண்டாளாம். “நிலையா, தூணா?” என்று கேட்டேன். “இந்தவாட்டி பீரோண்ணே” என்றாள். கடைசி வரி வரை படித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. ‘அடுத்த வருகையில்.’

அதற்கு அடுத்த வருடம் மகளுக்குக் கண்ணாடி போடக் கூட்டிவந்தபோது, “வந்தது வந்தே, நீயும் பாத்துட்டுப் போ” என்று நானாகத்தான் கூப்பிட்டேன். “எதுக்குண்ணே, எனக்கு என்ன, நல்லாத்தான தெரியுது” என்றாள். அன்றும் கடைசி வரி. அன்றும் பஸ். மூன்றாவது முறையாக அதே இரண்டு வார்த்தை. என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய ஒரே பரிசு அதற்குத்தான்.

நான்காவது முறை அவள் இடது கையில் மாவுக்கட்டோடு வந்தாள். கூட யாரும் இல்லை. நூல் சுற்றிய பாபின்களை ஏற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் பக்கவாட்டில் வந்திருக்கிறார். அவர் சத்தம் கொடுத்துக்கொண்டுதான் வந்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆலை இரைச்சலில் இவளுக்குக் கேட்கவில்லை. வண்டி வந்ததைப் பார்க்கவும் இல்லை. முன்னங்கை எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது.

“கண்ணப் பொடனிலயா வச்சிருக்கேன்னு சூப்பர்வைசரு எல்லாரு முன்னாடியும் ஏசிட்டாருண்ணே” என்றாள். “கண்ணு நல்லாருக்குன்னு சீட்டு வாங்கிட்டு வந்தாத்தான் திரும்ப ஃப்ரேமுல விடுவாகளாம். உங்களுக்குத்தான் தெரியுமே என் கண்ணு. ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. மக பன்னெண்டாவது படிக்கா, நான் வீட்ல உக்கார முடியாது.”

எனக்குத் தெரியும்தான். படிக்கச் சொன்னேன். ஒரே மூச்சில் கடைசி வரி வரை போனாள். பார்வை ஆறுக்கு ஆறு. அதற்கு மேல் நாம் சான்று தரும் பார்வை கிடையாது. தாளை எடுத்து எழுதத் தொடங்கினேன். பாதி எழுதியிருப்பேன்.

“செத்த தண்ணி குடிச்சிட்டு வாரேண்ணே” என்று எழுந்து போனாள். மாவுக்கட்டு மரத்தில் மோதும் சத்தம் கேட்டது. ‘அம்மா’ என்று முனகி, கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அதே நிலை. அதே இடது பக்கம்.

என் நாக்கில் ஒரு கேலி தயாராக வந்து நின்றது. நிலைக்கும் ஒரு கட்டுப் போட்டுவிடலாமா என்று கேட்கப் போனேன். அது வெளியே வரவில்லை. அந்த மூன்று வருடச் சிரிப்பும் ஒரே நேரத்தில் காதில் கேட்ட மாதிரி இருந்தது.

கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தேன். வலது கண்ணைப் பொத்தச் சொன்னேன். “என் மூக்கையே பாத்துக்கிட்டு இரு. அங்கிட்டு இங்கிட்டுப் பாக்கக்கூடாது. பக்கத்துல என் வெரல் ஆடுறது தெரிஞ்சதும் சொல்லு.” அவள் இடது காதுக்கு வெளியே விரலை ஆட்டிக்கொண்டு மெல்ல உள்பக்கம் கொண்டுவந்தேன். காதுக்கு நேராக வந்தது. கன்னத்துக்கு நேராக வந்தது. அவள் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள், சொன்ன சொல் மீறாத பிள்ளை மாதிரி.

“தெரியுதாம்மா?”

“எதுண்ணே?”

தம்பி தங்கைகளே, இந்த வேலையில் நான் கேட்ட வார்த்தைகளில் அதைப்போல வேறொன்றும் என்னைத் திடுக்கிட வைத்ததில்லை. என் விரல் அவள் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு கருகும் நோய், முதலில் ஓரங்களைத்தான் தின்னும். நடுவில் இருப்பதைக் கடைசி வரைக்கும் விட்டுவைக்கும். ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி. குழாய்க்கு நேரே இருக்கிற எழுத்து தெரியும், நூல் தெரியும், அச்சகத்தின் பெயர்கூடத் தெரியும். கதவு நிலை தெரியாது. தூண் தெரியாது. பக்கத்தில் வருகிற வண்டி தெரியாது. வலியும் இருக்காது. இதெல்லாம் பாடமாகப் படித்தவன்தான் நான்.

அன்று சொட்டு ஊற்றினேன். ரெண்டரை பஸ் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் வேறு நான்கு பேரைப் பார்த்தேன். யார் யார் என்று கேட்டிருந்தால் எனக்கு அன்றே சொல்லத் தெரிந்திருக்காது.

டாக்டர் அவள் கண்ணுக்குள் ரொம்ப நேரம் பார்த்தார். இடது, வலது, மறுபடி இடது. பிறகு என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். அட்டையைக் கொடுத்தேன். மூன்று வரியையும் படித்தார். என்னை ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் இன்றைக்கு எனக்கு மறந்திருக்கும்.

“உம்ம கையெழுத்து முத்து முத்தா இருக்குவே” என்றார். அவ்வளவுதான். அட்டையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, “நீரே சொல்லும்” என்று கை கழுவப் போய்விட்டார்.

சொன்னேன். போன பார்வை போனதுதான், மருந்து ஊற்றினால் மிச்சத்தைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்று சொன்னேன். அவள் ஒன்றும் அழவில்லை. குழம்பினாள்.

“போர்டுல இருந்த அம்புட்டையும் படிச்சேன்லண்ணே?”

“படிச்சம்மா.”

“ஒண்ணும் தப்பாப் படிக்கலயே?”

“இல்லம்மா.”

“பொறவு எப்படிண்ணே?”

குழாய் மாதிரி என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், மேசையில் பாதி எழுதிய சான்றைப் பார்த்தாள். அதை நான் முடிக்கவில்லை என்பதைப் புரிந்துகொண்டாள். என் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“நீங்க ஊத்தணும்னுதான் சொன்னீக. நாந்தான் பஸ்ஸு பஸ்ஸுன்னு பறந்தேன். எம் மேலதாண்ணே தப்பு.”

நான் அப்போது ‘இல்லம்மா’ என்று சொல்லியிருக்கவேண்டும். அவள் பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சொட்டைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த நோயின் பெயரைக்கூட அவளிடம் நான் ஒருமுறையும் சொன்னதில்லை. என் தப்பை எடுத்து அவள் தன் மடியில் கட்டிக்கொண்டு போனாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று முறை எழுதியது வேலையில் செய்த பிழை. இது அதைவிட மோசமானது.

மில்லில் அவளை ஃப்ரேமிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஓரிடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை கொஞ்ச நாள் கொடுத்தார்கள், பிறகு அதுவும் இல்லை. மருந்தைத் தவறாமல் ஊற்றினாள். அப்படியும் இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் ஒரு சின்ன ஜன்னல் மட்டும் மிஞ்சியது. ஒருநாள் டாக்டரிடம், “முதல் தடவையே நீங்க பாத்திருந்தா?” என்று கேட்டேன். கை கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடாமல் நின்றார். “எதுக்குவே கேக்கீரு?” என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த இரண்டு வார்த்தையை நான் யார் அட்டையிலும் எழுதியதில்லை. “இந்த ஆளு சொட்டு ஊத்தாம விடமாட்டான், விடியமுன்ன போயிரு” என்று ஊரில் பேச்சாகிவிட்டது. ‘சொட்டு அண்ணாச்சி’ என்று பட்டப் பெயரும் வந்தது. பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் என் முகத்துக்கு நேராகவே ஏசினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால், யாராவது அறைக்குள் வரும்போது எதிலாவது இடித்துக்கொண்டால் மட்டும் என்னால் சிரிக்கமுடிந்ததில்லை. நீங்களும் வாசல் பக்கம் ஒரு கண் வைத்திருங்கள். அவர்கள் நாற்காலியில் வந்து உட்காருவதற்குள் பாதிச் சோதனை நடந்து முடிந்துவிடுகிறது.

முத்துலட்சுமி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மகளோடு வந்துகொண்டிருந்தாள். நான் வேலையை விட்ட அன்றும் வந்திருந்தாள். அழுத்தம் பார்த்து முடித்தேன். மகள் மருந்து வாங்க வெளியே போனதும் சொன்னேன்.

“முத்துலட்சுமி, அன்னிக்கு உன் மேல தப்புன்னு சொன்னியே. நான் பேசாம இருந்துட்டேன். தப்பு என் மேலம்மா. நீ வேண்டாம்னு சொல்லத்தான் செய்வ. விடாம ஊத்துறதுதான் என் வேல.”

“தெரியும்ணே” என்றாள்.

“தெரியுமா? எப்பம்?”

“அன்னிக்கேதான். நான் வந்த நாள்ல இருந்து நீங்க என்னியக் கேலி பண்ணாம விட்டதில்ல. அன்னிக்கு நிலையில அந்த இடி இடிச்சேன், நீங்க வாயே தெறக்கல. அப்பமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“பொறவு ஏன் அப்படிச் சொன்ன?”

“உங்க மூஞ்சியப் பாக்கச் சகிக்கலண்ணே.”

அவளுக்கு மிச்சமிருந்த அந்தக் குழாய்க்கு நேரே, நடுவில், அன்று என் முகம் இருந்திருக்கிறது. நன்றாகவே தெரிந்திருக்கிறது.

மகள் வந்து கையைப் பிடித்தாள். வாசலுக்குப் போனதும் முத்துலட்சுமி நின்றாள். இடது கையை நீட்டி, கதவு நிலையை மேலிருந்து கீழ்வரை தடவினாள்.

“எங்கயும் போகாம நிக்கியா? நல்ல புள்ள” என்றாள், நிலையிடம். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கும் சத்தம் கேட்கிறதா என்று அவள் ஒரு நொடி தலையைச் சாய்த்து நின்றாள். சிரித்தேன். போய்விட்டாள்.

அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். வந்தவர் உட்காருவதற்கு முன்பே, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். சொட்டு மருந்துக் குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, “அண்ணாந்து பாருங்க” என்றேன்.